வினையின் வால்

அக்கா மகளின் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. காலையிலிருந்து ஒரே ஜெர்மன் ராக் பாட்டு அங்கே திரும்பத் திரும்ப ஓடுகிறது; ட்ரம்ஸ் அடிக்கும்போதெல்லாம் கூடத்து மேசைமேல் கண்ணாடித் தம்ளர் அதிர்கிறது. "நீதான் ஜெர்மன் டீச்சராச்சே, என்னடி கத்துறான்?" என்று தங்கையிடம் கேட்கிறாள் அக்கா. தங்கைக்குச் சிரிப்பு வருகிறது. வகுப்பில் வருஷாவருஷம் நடத்துகிற பழைய கவிதைதான் அது. "ஆறு கூப்பிடுதாம், 'நான் கேக்குறேன்'ங்கிறான். அவ்வளவுதான்க்கா." அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. "அவனாவது கேக்குறானே! இவ நாலு நாளா யார் பேச்சையும் கேக்கல." கவிதை அந்த வரியோடு முடிந்துவிடும். பாட்டு முடியவில்லை. கிதார் இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்த இடத்தில், பாடகன் 'அவுஃப்' என்று ஒரு சின்னச் சொல்லை முணுமுணுக்கிறான். தங்கையின் கை தம்ளர்மேல் அப்படியே நிற்கிறது. ஜெர்மனில் வாக்கியத்தின் கடைசியில் அந்த வால் ஒட்டிக்கொண்டால் வினையே வேறாகிவிடும்: கேட்கிறேன் என்பது போய், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றாகிவிடும். போன மாதம் இதே மேசையில் அந்த இலக்கணத்தை அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். "ஏன்டி, உன் முகம் ஏன் இப்படி ஆகுது?" தங்கை எழுந்து ஓடிக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே, இந்த முறை, பாட்டு முதலிலிருந்து தொடங்கவில்லை.