காணிக்கைக் கடிகாரம்

அலன் ஒரு கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினான். "ரெண்டாயிரம்!"

ரெஜி அந்தப் போனையே முறைத்துப் பார்த்தான். அலன் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவன் போனும் கையுமாக நின்றால், மறுமுனையில் துபாயில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் யாரோ என்று அர்த்தம். போன வருஷம் இருபது ரூபாய்ப் பூசணிக்காய் ஒன்று அந்த வழியாகத்தான் மூவாயிரத்துக்குப் போனது.

இந்த வருஷம் மேசைமேல் இருந்தது பூசணிக்காய் அல்ல. ரெஜியின் அப்பா காலத்துச் சுவர்க் கடிகாரம். சபையார் காணிக்கையாகக் கொடுப்பதையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டு, பணத்தைச் சபைக்குச் சேர்ப்பது வழக்கம். கோழி, வேர்க்கடலை மூட்டை, ஒரு பட்டுப்புடவை எல்லாம் போய், கடைசியாகக் கடிகாரம்.

அதைக் கொடுத்தவனும் ரெஜிதான். பழைய பொருள்களுக்கு விலை சொல்லும் சென்னைக்காரர் ஒருவருக்குப் படம் அனுப்பி, மூன்று மாதம் காத்திருந்தான். பதில் இல்லை. சரி, குப்பை என்று முடிவு கட்டி, போன ஞாயிறு தாராள மனதோடு ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை பதில் வந்தது. 'நாற்பதாயிரம். கையில் காசு. ஓடுகிறதா?'

போதகர் ஜெபம் பண்ணி வாங்கிக்கொண்ட பொருளைத் திருப்பிக் கேட்க முடியுமா? ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். ஆறு நாள் ரெஜிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ஸ்டெஃபியிடம் சொல்லவும் வழியில்லை. "மாமா வெச்சிருந்த பொருள், குடுக்காதீங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். இப்போது விலையைச் சொன்னால் அடுத்த அறுப்பின் பண்டிகை வரைக்கும் ஓட்டுவாள்.

"இன்னாங்க, மூஞ்சே சரியில்ல?" என்று காலையில்கூடக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அப்பா ஞாபகம்," என்று சொல்லிவைத்தான். வாயில் வந்த பொய்களில் அதுதான் கௌரவமாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் கோயிலுக்கு வராததில் அவனுக்கு ரொம்ப நிம்மதி.

தான் கொடுத்த காணிக்கையைத் தானே ஏலம் கேட்டால் ஊர் சிரிக்கும். அதனால் தேங்காய் மண்டி சின்னதுரையைப் பிடித்துவைத்திருந்தான். ரெஜி தாடையைச் சொறிந்தால் சின்னதுரை ஆயிரம் ஏற்ற வேண்டும்.

ரெஜி சொறிந்தான்.

"மூவாயிரம்!" என்றார் சின்னதுரை.

அலன் ரெஜியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூண் பக்கமாக நகர்ந்து போனில் குசுகுசுத்தான். "இருங்கக்கா, கட் பண்ணாதீங்க." பிறகு கையைத் தூக்கினான். "நாலாயிரம்!"

துபாயில் பெண்டாட்டி ராஜ்ஜியம்போல என்று ரெஜி நினைத்துக்கொண்டான்.

பத்தாயிரம் தாண்டியது. இருபது தாண்டியது. ஏலம் விட்ட செயலர் அன்பரசு இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். ரெஜியின் தாடை சிவந்துவிட்டது.

வீட்டில் பட்டு நூல் வாங்க வைத்திருந்தது சரியாக நாற்பதாயிரம். அது போனால் இரண்டு தறியும் நிற்கும். ஐயாயிரமாவது மிஞ்சாவிட்டால் இந்தப் பாடு எதற்கு என்று முப்பத்தைந்தில் கையை இறக்கினான்.

"முப்பத்தாறு!" என்றான் அலன்.

அப்போதுதான் ரெஜிக்கு வயிறு எரிந்தது. நமக்கு இல்லாதது துபாய்க்காரனுக்குச் சும்மா போவதா? மெல்ல நடந்து சின்னதுரையின் காதோரம் குனிந்தான். "அண்ணே, நாப்பதுன்னு ஒரு போடு போடுங்க. அவன் கொஞ்சம் வேகட்டும்."

"அவன் வுட்டுட்டான்னா?"

"எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. போடுங்கண்ணே."

"நாற்பதாயிரம்!"

அலன் போனில் கெஞ்சுகிற மாதிரி ஏதோ பேசினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நாப்பத்தோராயிரம்."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று அன்பரசு மேசையைத் தட்ட, யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

கடிகாரம் போன வருத்தம் ரெஜிக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் நாற்பதாயிரம் பொருளை ஒருத்தன் தலையில் நாற்பத்தோராயிரத்துக்குக் கட்டியதில் ஒரு திருப்தி இருந்தது. சின்னதுரைக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொடுத்து, அரை மணி நேரம் அதையே பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

நம் பணமாவது பத்திரமாக இருக்கிறதே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள பீரோவைத் திறந்தான். நூல் பணம் வைத்திருந்த கவர் காலி.

"ஸ்டெஃபி! இங்க இருந்த பணம் எங்க?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"திட்டாதீங்க. அப்பா ஞாபகம்னு நீங்க சொன்னதும் எனக்கு மனசு கேக்கல. ஏலம் முடிஞ்சதும் அலன் வந்தான், அவன் கிட்டதான் குடுத்தனுப்பினேன். ஆயிரம் கொறைஞ்சுது, புள்ள உண்டியல ஒடச்சேன்."

ரெஜி கட்டிலில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில், பழைய ஆணியிலேயே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே எவன் எத்தினி லட்சம் குடுத்தாலும் இது நம்ம வீட்ட வுட்டுப் போவக் கூடாது, சொல்லிட்டேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள், பல்லைக் கடித்தாள்.

"அந்தச் சின்னதுரை அண்ணன் மட்டும் வாய மூடிகினு இருந்திருந்தா, ரெண்டாயிரத்தோட முடிஞ்சிருக்குங்க!"