இந்தோனேசியா வழியாக

கோடு பாதியில் நின்றுவிட்டது.

டேப்லெட்டின் கறுப்புத் திரையில் இவ்வளவு நேரம் எறும்பு மாதிரி ஊர்ந்த பச்சைக் கோடு.

"ஏட்டி, செத்துப்போச்சா?" என்றாள் மரியபுஷ்பம். அறைத்தோழி, தூத்துக்குடிக்காரி.

"வாய மூடு. வயர அசைக்காத."

வயர் லேப்டாப்பிலிருந்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். பேட்டரி போய் வருஷமாகிறது; சுவரில் செருகியிருந்தால்தான் உயிர்.

மின்விசிறி மெதுவானது.

இருவரும் மேலே பார்த்தார்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் போச்சு. லேப்டாப் போனால் டேப்லெட்டும் போச்சு. டேப்லெட் பயிற்சி மையத்துச் சொத்து. பாழாக்கினால் விடுதியை விட்டு அனுப்புவார்கள். அனுப்பினால் ஊர்.

ஊர் என்றால் கல்யாணம்.

மின்விசிறி மறுபடி வேகம் பிடித்தது.

கோடு நகரவில்லை.

காலையில் வங்கித் தேர்வின் முதல்நிலை முடிவு வந்திருந்தது. வார்டன் மேடம் தன் கையாலேயே கீழே பலகையில் எழுதினார். விடுதியில் மூன்றே பெயர். நடுவில் இவள் பெயர்.

மரியபுஷ்பம் பெயர் இல்லை. அவள்தான் வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

போன்கள் வார்டன் அலமாரியில், ஞாயிற்றுக்கிழமை வரை. தேறிய மற்ற இருவரும் டேப்லெட்டிலேயே வாட்ஸ்அப்பில் வீட்டைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தியின் அப்பா திரையிலேயே அழுதார்.

இவள் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

வாட்ஸ்அப் உலகமெல்லாம் போகும். பட்டன் போனுக்குப் போகாது.

பெரியப்பா மகன் பூபதியிடம் பெரிய போன் இருக்கிறது. அவனுக்கு அனுப்பினால் அம்மாவிடம் போய்ச் சொல்லுவான். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு பேங்கு வேலை என்று நடு வீட்டில் நின்று கேட்டவன்.

அந்த வாயிலிருந்து அம்மா இதைக் கேட்கக் கூடாது.

ஒரே ஒரு நிமிஷம் மேடம், என்று வார்டனிடம் கேட்டுப் பார்த்தாள். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கணும், ஞாயிற்றுக்கிழமை பேசிக்கோ என்றார்.

டேப்லெட்டுக்குள் சிம் இருக்கிறது. பாடம் வருகிறது. போன் பேச மட்டும் வராது. மதியம் முழுக்க இணையத்தில் தோண்டினாள். இதே டேப்லெட், இதே மாடல், இந்தோனேசியாவில் விற்பது பேசுகிறது. உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் மட்டும் வேறு. அதை இறக்கி இதில் ஏற்றினால் இதுவும் பேசும்.

படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாய் இருக்கிறது. எந்த ஊர் என்று பார்த்து மூடி அனுப்பியிருக்கிறார்கள்.

கோடு அசைந்தது.

"ஏட்டி."

"பாத்துட்டேன்."

கோடு கடைசிவரை போனது. திரை அணைந்தது. அணைந்தே கிடந்தது. மரியபுஷ்பம் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

திரையில் வெளிச்சம் வந்தது.

செலாமத் டாத்தாங், என்றது டேப்லெட்.

"என்னட்டி சொல்லுது?"

"எனக்கென்ன தெரியும். நல்லபடியாத்தான் சொல்லுது."

ஒரு சொல்லும் புரியாமல் அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் கீழ் மூலையில் அது இருந்தது. பச்சை நிறத்தில், சின்னதாக, ஒரு போன் படம்.

அம்மா நம்பர் மனப்பாடம்.

தெரியாத நம்பரை அம்மா எடுக்க மாட்டாள். அதற்கு வழி உண்டு. கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. இரண்டு மணி அடித்ததும் வெட்ட வேண்டும். மறுபடி இரண்டு மணி. வெட்ட வேண்டும். அப்படியென்றால், நான்தான்; அம்மா திருப்பிக் கூப்பிடுவாள்.

வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

டேப்லெட் அடித்தது.

சும்மா அடிக்கவில்லை. பித்தளைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதுபோல ஏதோ ஒரு தீவின் கச்சேரி. குறைக்க வழி தேடினாள். எல்லாம் அந்த ஊர் மொழி.

வாசலில் வார்டன்.

"என்ன அது, போனா?"

"டேப்லெட் மேடம்," என்றாள் மரியபுஷ்பம்.

கச்சேரி நிற்கவில்லை. வார்டன் டேப்லெட்டைப் பார்த்தார். லேப்டாப்பை, வயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்ப எடு. அடிக்குதுல்ல."

எடுத்தாள்.

டேப்லெட்டில் காதுக்குள் பேச வழியில்லை. ஸ்பீக்கர்தான். முதலில் அறைக்குள் வந்தது ஆயிரம் கோழிகளின் சத்தம். அம்மா வேலை செய்யும் நாமக்கல் பண்ணை. பிறகு அம்மா.

"ஏஞ்சாமி, நீயா? அந்த வார்டன் பொம்பள போனக் குடுத்துப்போட்டாளா?"

மரியபுஷ்பம் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

வார்டன் உள்ளே வந்தார். டேப்லெட்டின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அந்த வார்டன் பொம்பளதான் பேசறேன். நல்ல சேதிதான். உங்க பொண்ணு..."

அவள் டேப்லெட்டை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"மேடம். அத நான் சொல்றேன்."

வார்டன் வாயை மூடிக்கொண்டார். அந்த விடுதியில் யாரும் பார்த்திராதது.

"என்ன சேதி?" நெஞ்சுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். "சத்தமாச் சொல்லு சாமி. கோழி கத்துது."

வார்டன் போய்க் கதவைச் சாத்தினார்.

பிறகு என்ன நினைத்தாரோ, அகலத் திறந்துவிட்டார்.