லிட்டருக்கு எட்டு

சகலை புதுக் கார் வாங்கிவிட்டார். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார். பெட்ரோலிலும் ஓடுமாம், மின்சாரத்திலும் ஓடுமாம். ஹைப்ரிட்.

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தவருக்கு வயிறு எரிந்தது. நீல நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு நின்றது அது.

"வாசலுக்குப் போய் வாங்கன்னு கூப்பிடுங்களேன்," என்றாள் மனைவி.

"ஏன், வழி தெரியாதா அவருக்கு? வருவார்."

மனைவியின் தங்கை கணவர் பல் டாக்டர். சம்பாத்தியம், வீடு, பிள்ளைகளின் மார்க்கு என்று எதை எடுத்தாலும் ஒரு படி மேலே. இவருக்கென்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மைலேஜ்.

இவருடைய பழைய கார் லிட்டருக்கு இருபத்தொன்று கொடுக்கும். கொடுக்க வைப்பார். சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுவார். ஏசி விருந்தாளிகளுக்கு மட்டும். ஆக்ஸிலேட்டரைப் பூவை மிதிக்கிற மாதிரி மிதிப்பார். அலுவலகத்தில் 'மைலேஜ் சார்' என்றே பெயர். கேலிப் பெயர்தான். இவர் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதிலும் மண் விழுந்துவிடுமோ?

சாப்பாடு முடிகிறவரை பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"வண்டி எப்படி தம்பி? கரண்ட்லயே பறக்குதாமே?"

"அதை ஏன் கேக்கறீங்க அண்ணா. கரண்ட் எல்லாம் தெருமுனை வரைக்கும்தான். அப்புறம் பெட்ரோலை மடக்மடக்னு குடிக்குது."

"பிரேக் போட்டா பேட்டரி தானா சார்ஜ் ஆகும்னாங்களே."

"ஆகும்னு பேரு."

"அப்ப எவ்வளவுதான் தருது?"

"லிட்டருக்கு எட்டு. தலைகீழா நின்னாலும் அதுக்கு மேல ஏறாது."

"எட்டா?"

வருத்தமாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் துள்ளிவிட்டது.

"உங்க வண்டி?"

"இருபத்தொண்ணு. போன மாசம் இருபத்தொண்ணரை."

"கொடுத்துவெச்சவர் அண்ணா நீங்க. நான் யானையைக் கட்டித் தீனி போட்டுக்கிட்டிருக்கேன்."

"வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

அதன்பிறகு அந்த வீட்டில் மத்தியான வெயில்கூட இதமாக இருந்தது. அவரே எழுந்து போய் எல்லோருக்கும் டீ எடுத்துவந்தார். மச்சினியின் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வந்தது.

"அத்தான் இன்னிக்கு நல்ல மூடுல இருக்காரு போல," என்றாள் மச்சினி. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சின்னப் பெண்கள் மாதிரி சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார்கள்.

சற்று நேரத்தில் எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "சார், அந்தப் புது வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா? என் கேட்டை மறைக்குது."

சகலை சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"தூங்கட்டும், பாவம்," என்று சாவியை எடுத்துக்கொண்டு இவரே கிளம்பினார். லிட்டருக்கு எட்டு தருகிற காரின் மேல் அவருக்கு இப்போது இரக்கம்கூட வந்திருந்தது.

உடம்பை மூன்றாக மடித்து உள்ளே நுழைந்தார். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். இல்லை.

'ஸ்டார்ட் ஆகறதுக்கே இந்தப் பாடா,' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இன்னொரு தரம் அழுத்திவிட்டு, பார்ப்போமே என்று கியரைத் தள்ளினார்.

கார் நகர்ந்தது. தண்ணீரில் இலை நகர்கிற மாதிரி.

"இன்ஜின் சத்தமே காணோமே சார்," என்றார் எதிர் வீட்டுக்காரர், கண்ணை அகல விரித்து.

பத்தடி தள்ளி நிறுத்தினார். அப்போதுதான் திரையில் எரிந்த எழுத்துகளைப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து சராசரி: லிட்டருக்கு முப்பத்துநாலு. ஓடிய தூரத்தில் பாதிக்கு மேல் மின்சாரம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முப்பத்துநாலேதான்.

சிக்னல் சிக்னலாக இன்ஜினை அணைத்து, வேர்க்க விறுவிறுக்கச் சேர்த்த இருபத்தொன்று நெஞ்சுக்குள் சுருங்கிப் போயிற்று. காலையில் எரிந்த வயிறு இப்போது கொழுந்துவிட்டு எரிந்தது.

எதற்காக மறைத்தான்? கேள்வி வந்த கையோடு பதிலும் வந்தது. என் கண் பட்டுவிடும் என்று பயம்.

விறுவிறுவென்று உள்ளே வந்தார். மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி புருஷன் வாயைத் திறந்தாலே பொய். முப்பத்துநாலு தர்ற வண்டியை எட்டுங்கறார். நான் பொறாமைப்படுவேனாம். என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கார்? எழுப்பி நேராவே கேக்கறேன்."

"கேக்காதீங்க," என்றாள் அவள். "அவர் மாட்டவே மாட்டேன்னாரு. நான்தான் கெஞ்சிச் சொல்லவெச்சேன்."

"நீயா? எதுக்கு?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். கோபம் இல்லை அந்த முகத்தில். ரொம்ப நாள் களைப்பு மட்டும் இருந்தது.

"எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. அவங்க வீடு கட்டினப்ப எவ்வளவு செலவாச்சுன்னு நம்மகிட்ட உண்மையைத்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நீங்க என்னை அந்தப் பக்கமே போக விடல."