நீலப்பூ நைட்டி

"உங்கப்பா நைட்டி போட்டுக்கிட்டுத் திரியறாரும்மா."

எதிர்வீட்டு டீச்சர் ஃபோனில் சொன்னபோது மகளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"உங்கம்மாவோட நைட்டி. நீலப்பூ போட்டது. காலைல ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை. பிள்ளைங்க மதில்ல ஏறிப் பாத்துச் சிரிக்குதுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் அப்பா. 'மீசை வீடு' என்று கேட்டால் தெருவில் யாரும் காட்டுவார்கள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். கையில் ஒரு பெரிய காலிப்பை.

அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா கொல்லைப்புறத்தில் கோழிக்கூண்டருகே இருந்தார். பேண்ட்டுக்கு மேல் நைட்டி. கெண்டைக்காலோடு நின்றுபோயிருந்தது. தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது.

"பா... பா... பா..."

மெல்லிய குரல். லாரி டிரைவரின் குரல் இல்லை. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா!"

திரும்பிப் பார்த்தார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "இரு, தவிட்டைப் போட்டுட்டு வந்துர்றேன். கிட்ட வராதே, மிரண்டுடும்."

உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா கோலம் இது? தெருவே சிரிக்குது."

"என்னை என்ன பண்ணச் சொல்றே? மாசத்துல நாலு நாள் வீட்டுல இருந்திருப்பேனா? அதுங்களுக்கு நான் யாரோ. அம்மா போனப்புறம் கூண்டுக்குள்ள போனேன், ஒரே ரகளை. பத்து நாள் ஒரு முட்டை கிடையாது. இதை மாட்டிக்கிட்டுப் போனேன். காலைச் சுத்திக்கிட்டு நின்னுச்சுங்க."

"அது போன வருஷம்."

"இப்பவும் அப்படித்தான்."

"துவைக்கவாவது செய்யறீங்களா?"

"துவைச்சா வாசனை போயிடும். கோழி கண்டுபிடிச்சிடும்."

"மோப்பம் பிடிக்க அது என்ன போலீஸ் நாயாப்பா?"

அவர் சிரிக்கவில்லை.

"ஒம்பது கோழி நிக்குது," என்றாள். "அதுல நாலு கிழடு. முட்டையே விடாது. அம்மா இருந்தா இந்நேரம் குழம்பாயிருக்கும்."

"அவ கைகாட்டுவா. லோடு இறக்கிட்டு வர்ற அன்னைக்கு, 'இன்னைக்கு இது'ம்பா. நான் அறுப்பேன்." மீசையைத் தடவிக்கொண்டார். "இப்ப யாரு கைகாட்டறது?"

மகள் பேச்சை மாற்றினாள். "அம்மா துணியெல்லாம் நாளைக்கு எடுத்துட்டுப் போறேன். முதியோர் இல்லத்துல கேட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சுல்ல."

"எடுத்துக்கோ. புடவை எல்லாத்தையும் எடுத்துக்கோ. இது மட்டும்..."

"இதுதான் முதல்ல பைக்குள்ள போகணும்."

"முட்டை நின்னுபோகும்மா."

"நின்னா கடையில வாங்கிக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஒண்ணு பண்ணலாம். காலைல நான் உள்ள போறேன். இதே சுடிதாரோட. என்னைப் பாத்து மிரண்டுச்சுன்னா நைட்டி உங்களுக்கு. மிரளலேன்னா எனக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"கட்டாயம் மிரளும்," என்றார். குரலில் பலமில்லை.

காலையில் அவர் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. அவள் மட்டும் போய்க் கம்பிவலைக் கதவைத் திறந்தாள்.

ஒன்பதும் ஓடி வந்தன.

ஒன்று செருப்பு வாரைக் கொத்தியது. கறுப்புக்கோழி அவள் கைக்குக் கீழே முதுகைத் தாழ்த்தி உட்கார்ந்து கொடுத்தது. கொண்டை இப்போதுதான் சிவந்திருக்கும் மூன்று இளசுகள் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தன. அவை கோடையில் பொரித்தவை. அம்மாவைப் பார்த்ததே இல்லை.

முட்டைப் பெட்டியில் பழுப்புக்கோழி உட்கார்ந்திருந்தது. அடியில் கையை விட்டாள். 'எடுத்துக்கொள்' என்பதுபோல் சற்று நகர்ந்தது. ஐந்து முட்டை. இன்னும் சூடு ஆறவில்லை.

எல்லாம் பொய். ஜெயித்துவிட்ட சிரிப்போடு நிமிர்ந்தாள்.

அடுப்படி ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். அவள் பக்கம் அவர் பார்க்கவில்லை. நைட்டியை மேஜைமேல் விரித்து, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். நாலாக மடித்தார். பையைத் திறந்தார். வைக்கவில்லை. மறுபடி பிரித்து, முதலிலிருந்து நீவ ஆரம்பித்தார்.



மகள் குனிந்து, ஐந்து முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பழுப்புக்கோழியின் அடியிலேயே தள்ளினாள். பின்னாலேயே வந்த கறுப்பைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா, வெறுங்கையோட வர்றே?"

"ஒண்ணுகூடக் கிட்ட சேர்க்கலப்பா. அப்படி மிரளுதுங்க."

அப்பா அவளையே பார்த்தார். "சத்தமே கேக்கலையே?"

"பயத்துல அதுங்களுக்குச் சத்தம்கூட வரலப்பா," என்றாள், நைட்டியை எடுத்து அவர் தலைவழியே மாட்டிவிட்டுக்கொண்டே. "போங்க, நீங்களே போய் எடுத்துட்டு வாங்க."