இருட்டாக இருக்க வேண்டிய வரிசை

ஈஸ்ட் செல்களை உடைத்து, அதிலுள்ள ஒரு புரதத்தைத் தூண்டில் போட்டு இழுத்தால், அதைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வும் கூடவே வரும். ஜெல் என்ற மெல்லிய கூழ்த்தகட்டில் மின்சாரத்தால் ஓட்டி, அதை நீல விளக்கின் மேல் வைத்தால் அது ஒற்றைக் கோடாக ஒளிரும். மூன்று வருடமாக ஆய்வு மாணவி நஸ்ரின் நம்பியிருந்தது அந்தக் கோட்டைத்தான். பக்கத்து வரிசையில் தூண்டில் போடாத ஈஸ்ட்டை ஓட்டி, அங்கே ஒன்றும் தெரியவில்லை என்று காட்டியிருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அதை அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை.

கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழ் கேட்டதால் இந்த வாரம் ஓட்டினாள். அங்கேயும் அதே கோடு. மறுநாள் ஈஸ்ட்டே போடாமல் வெறும் தண்ணீரை வைத்துச் செய்தாள். அதே உயரத்தில், அதே கோடு.

"தண்ணிய மாத்திப் பாத்தியா?" என்றான் அடுத்த மேசை ஜெபசீலன்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன். நீ ஒருவாட்டி போட்டுப் பாரேன்."

அவளுடைய புட்டிகளை வைத்தே அவனும் வெறும் தண்ணீரை ஓட்டினான். இன்று இரண்டு ஜெல்களையும் அருகருகே நீல விளக்கின் மேல் வைத்தார்கள். அவனுடையது முழு இருட்டு. அவளுடையதில் கோடு.

ஜெபசீலன் இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தான்; கோடு அவளுடைய ஜெல்லோடேயே நகர்ந்தது.

"மூணு வருஷமா எல்லாத்தையும் நீ ஒருத்திதான பண்ணுன?" என்றான். சொல்லிக்கொண்டே தன் ஐஸ் பெட்டியை ஓசையில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

நஸ்ரின் கையுறையின் மேல் இன்னொரு கையுறை மாட்டினாள். ஜெல்லை எடுக்க வேண்டும். எடுக்க, கையை அந்த நீல வெளிச்சத்துக்குள் நீட்ட வேண்டும். அங்கே கையும் ஒளிர்ந்தால்?

அவள் நீட்டவில்லை.