சிவப்பு வெள்ளை மிதவை

டெலியாவின் விரல்கள் மடங்க மறுத்தன.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே குடைச்சல். காலையிலிருந்து கூண்டு தூக்கிய கை. அமெரிக்காவின் மெய்ன் கரையில் டிசம்பர் கடல், கையுறை போட்டிருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வராது.

பனி இறுகுவதற்குள் சிங்கி இறால் கூண்டுகளையெல்லாம் கரையேற்றியாக வேண்டும். எமரி பீல் சுக்கானைப் பிடித்தான், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சையும் ஓட்டினான். மேலே வரும் கூண்டைப் படகுக்குள் இழுத்து, பழைய இரையைக் கடலில் கொட்டி, பின்தளத்தில் அடுக்குவது டெலியாவின் வேலை. இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது. ஒரே வகுப்பு.

படகு எமரியின் அப்பாவுடையது. அக்டோபரில் கடல் அவரைக் கொண்டுபோய்விட்டது. மறுவாரமே டெலியா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து இந்தப் பின்தளத்தில் நின்றாள். பள்ளி இல்லாத நாளெல்லாம் வருகிறாள். கூலி வாங்குவதில்லை. ஏன் என்று அவனும் கேட்டதில்லை. அவன் அம்மா இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ரொட்டி கட்டிக்கொடுப்பாள். அதுதான் தொண்டையில் இறங்காது.

மார்புப் பையில் போன் அதிர்ந்தது.

கையுறையைக் கழற்றினாள். விரல் நனைந்து விறைத்திருந்தது. போன் அதை விரலாகவே மதிக்கவில்லை. மூக்கால் தேய்த்து எடுத்தாள். எப்படியோ ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது.

எம்.பி. ஆபீஸ்.

எமரி இன்ஜினைத் தணித்தான்.

கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி. நான்கு வருடப் படிப்பு, அரசாங்கச் செலவு. தொகுதி எம்.பி. பெயர் சொல்லி அனுப்பாமல் வாசலைத் தாண்ட முடியாது. அந்தப் பரிந்துரைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி போய் ஒரு மாதம் கழித்துத்தான் டெலியா எழுதிப்போட்டாள். நேர்காணலில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். கடலில் வேலை இருந்தது என்றாள். பொய்யில்லை.

"எம்.பி. உங்க பேரைத்தான் அனுப்பறார், மிஸ் கார்வர்," என்றது பெண்குரல். "ஒருத்தர் தானா விலகிக்கிட்டார். அதனாலதான் லேட்டா வந்தும் உங்களோடதைப் பார்க்க முடிஞ்சது. ஜூலையில சேரணும். சந்தோஷம்தானே?"

"ஆமா மேடம். நன்றி."

சந்தோஷம் வருகிறதா என்று சற்று நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. விரல்களில்தான் லேசாக உயிர் வந்தது, வலியோடு.

விலகிக்கொண்டவன் சுக்கானருகே முதுகைக் காட்டி நின்றான்.

எட்டாம் வகுப்பிலிருந்து எமரிக்கு அகாடமிதான் பேச்சு. அவன் பெயர்தான் போவதாக இருந்தது. அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, இரண்டு தங்கைகள், இந்தப் படகு. ஒருநாள் கூண்டு இழுத்துக்கொண்டே, "என் எடம் சும்மாதான் கெடக்கு, நீ எழுதிப் போடேன்," என்றான், யாரோ மறந்து விட்டுப்போன கோட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

"என்ன கேப்டனம்மா," என்றான் இப்போது, திரும்பாமல். "இந்த நாத்தத்தோடவா போய் சல்யூட் அடிக்கப் போற? நாலு வருஷம் குளிச்சாலும் போகாதுடி."

"உன்கூட நின்ன நாத்தம்டா."

அவன் சிரித்தான். இருமலாகவும் இருக்கலாம்.

"ஜூலைக்கப்புறம் இங்க பின்னாடி யாரு நிப்பா?" என்றாள்.

"எவனாவது கெடைப்பான்."

கிடைக்கமாட்டான். பங்கு கேட்காமல் வேலைக்கு வருகிறவன் இந்தக் கரையில் இல்லை. கொடுக்க எமரியிடம் பங்கு இல்லை. ஜூலையிலிருந்து அவன் தனியாகத்தான் கடலுக்குப் போவான். அவன் அப்பா போனமாதிரி.

கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்டும் பீல் வீட்டு மஞ்சள் மிதவைகள் தீர்ந்துவிட்டன. இங்கே வீட்டுக்கொரு நிறம். அடுத்தவன் நிறத்தில் கைவைத்தால் முதலில் கயிறு அறுபடும், பிறகு பல் உடையும். ஆனால் எமரி படகைக் கரைக்குத் திருப்பவில்லை. பாறைத்திட்டுப் பக்கம் விட்டான்.

அங்கே சிவப்பு வெள்ளை மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"இது வேணாம் எமரி. வேற யாராவது வந்து இழுத்துக்குவாங்க."

"வேற யாரு? கொக்கியப் போடு."

கொக்கிக் கம்பை நீட்டி மிதவையை இழுத்தாள். கயிறு வின்ச்சில் ஏறி, சுருள்சுருளாகத் தளத்தில் விழுந்தது.

"காலைப் பாத்து வை," என்றான். குரலில் கேலி இல்லை.

காலைத் தள்ளி வைத்தாள்.

படுத்துக்கிடக்கிறவனின் கூண்டை ஊர் இழுத்துக்கொடுக்கும். கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அக்டோபரில் டெலியாவின் அப்பா ஏணியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுத்தார். மறுநாள் விடிந்ததும் அவர் கூண்டுகளை இழுக்கக் கிளம்பியவர் எமரியின் அப்பா. மதியம் படகு மட்டும் இந்தத் திட்டுப் பக்கம் வட்டமடித்துக்கொண்டிருந்தது, இன்ஜின் ஓடியபடி, ஆளில்லாமல். அவரை மேலே எடுத்தபோது காலில் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் முனையில் மிதவை.

சிவப்பும் வெள்ளையும் கார்வர் வீட்டு நிறம்.

கூண்டு மேலே வந்தது. தூக்கி அடுக்கினாள்.

பீல் வீட்டுக்குக் கார்வர் வீடு ஓர் ஆள் பாக்கி. இன்று வந்த போனோடு இரண்டு.