குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவர்கள்

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை பெற்றோர் அதன் காதில் விழும்படி பேசக் கூடாது என்பது மொழித் திட்டத்தின் விதி. வீட்டுப் பேச்சின் கொச்சை நாக்கில் ஒட்டிவிடுமாம். ஆதிரையோடு ஆறு மொழிகளில் சுவரில் பொருத்திய ஆசான் என்ற கருவிதான் பேசியது. ரித்திகாவும் கவினும் மகளுக்குச் சைகை காட்டி ஊட்டினார்கள், தட்டித் தூங்கவைத்தார்கள். தங்களுக்குள் பேசவேண்டுமென்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள்.

இன்று அவளுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.

"மொதல்ல என்னடி சொல்லப்போற?" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டான் கவின்.

"பட்டுக்குட்டின்னு கூப்பிடப்போறேன். அஞ்சு வருஷமா வாய்க்குள்ளயே வச்சிருக்கேன்."

"தொண்டையச் செருமிக்கோ. தவளை மாதிரி இருக்கு."

"போடா" என்று சிரித்தாள் ரித்திகா.

கூடத்தில் ஆதிரை படம் வரைந்துகொண்டிருந்தாள். ரித்திகா அருகில் மண்டியிட்டு, "பட்டுக்குட்டி" என்றாள்.

ஆதிரை அலறிக்கொண்டு ஓடிப்போய் ஆசான் இருந்த சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அம்மாவுக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள்" என்று பிசிறில்லாத தமிழில் அழுதாள்.

"அது உன் அம்மாவின் குரல்தான், கண்ணே" என்றது ஆசான்.

"எனக்கு வேண்டாம். அம்மாவைப் பழையபடி இருக்கச் சொல்லுங்கள்."

ரித்திகா தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அழுகை மெல்ல அடங்கியது. ஆதிரை வந்து, வழக்கம்போல் அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.